ஒரு கை குறைகிறது

திருமலையில் கோயிலை ஒட்டி, சற்று மேடான இடத்தில் ஹாதிராம்ஜி மடம் இருக்கிறது. 1843 முதல் 1933 வரை ஏழுமலையான் கோயிலின் நிர்வாகம் இந்த மடத்துத் தலைவர்களான மகந்துகள் கையில்தான் இருந்தது. மடத்துக்குப் பெயர் தந்த பாவாஜியைப் பற்றித் திருப்பதியில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. வடக்கிலிருந்து வந்து தங்கிய இந்தச் சாமியாரோடு பகடை ஆடுவதற்காகப் பெருமாளே இரவில் சந்நிதியை விட்டு எழுந்து வருவாராம். ஒருநாள் விடியற்காலையில் அவசரமாகக் கிளம்பியவர் கழுத்தாரத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போக, திருட்டுப் பழி பாவாஜி தலையில் விழுந்தது. அவரை ஓர் அறையில் பூட்டினார்கள். வண்டி நிறையக் கரும்பை உள்ளே போட்டு, விடிவதற்குள் தின்று முடித்தால் நம்புகிறோம் என்றார்கள். இரவோடு இரவாக யானை ஒன்று வந்து கரும்பு முழுவதையும் தின்றுவிட்டுப் போனது. யானையைக் குறிக்கும் ஹாதி என்ற பெயர் அப்படி வந்ததுதான் என்பார்கள்.

பக்தர்களுக்கு யானைதான் முக்கியம். சீட்டாடிப் பழகியவருக்கோ கதையின் முற்பாதிதான் சுவை. எல்லாம் உள்ள சாமிக்கும் ஒன்று இல்லாமல் இருந்திருக்கிறது: எதிரே உட்கார ஓர் ஆள். அதுவும் நடை சாத்திய பிறகு, ஊர் அடங்கிய நேரத்தில், காசுக்காக இல்லாமல் ஆட்டத்துக்காகவே ஆட ஓர் ஆள்.

பிரிட்ஜ் போன்ற சீட்டாட்டங்களை மக்கள் ஏன் இணையத்தில் ஆடுகிறார்கள் என்று கேட்டால், பொழுதுபோக்கு, போதை, மூளைக்கு வேலை என்று மூன்று பதில்கள் உடனே வரும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சீட்டுக்கட்டைத் தொட்டவர்கள் எல்லோரும் அறிந்த பழைய குறை ஒன்று இந்தப் பதில்களில் விடுபட்டுப்போகிறது. ஆள் சேராத குறை அது.

சென்னையிலிருந்து திருப்பதி போகும் ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரக்கோணம், திருத்தணி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், ரேணிகுண்டா. தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடும் வட்டாரம். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, சித்தூரும் புத்தூரும் நகரியும் ஆந்திரப் பக்கம் நின்றன. சீட்டாட்டத்துக்கு அந்தக் கோடு தெரியாது. சீசன் டிக்கெட் வைத்துத் தினமும் போய்வரும் கூட்டத்தில் ஒரு காலத்தில் பெட்டிக்கு ஒரு சீட்டுக் கச்சேரியாவது நடக்கும். எதிரெதிர் இருக்கையில் நாலு பேர், எட்டு முழங்கால்கள், அவற்றின் மேல் ஒரு துண்டோ அன்றைய செய்தித்தாளோ, அதுதான் மேசை. கலைத்து, வெட்டி, போட்டு முடிப்பதற்குள் ரயில் நகர்ந்திருக்கும். புத்தூரில் ஏற வேண்டிய ஆள் ஏறவில்லை என்றால் மற்ற மூன்று பேரும் பெட்டியை நோட்டம் விடுவார்கள். “சார், ஒரு கை குறையுது, வரீங்களா?” முன்பின் தெரியாதவரை உரிமையோடு கூப்பிட நம் ஊரில் இருக்கும் சில அழைப்புகளில் அது ஒன்று.

நாலு கை ஆட்டத்துக்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு. ஒருவருக்குக் கர்னூலுக்கு மாற்றல் வரும். இன்னொருவர் மகனோடு இருக்கப் பெங்களூரு போய்விடுவார். மூன்றாமவருக்குக் கண் ஆபரேஷன். மிச்சம் இருப்பவர் சீட்டுக்கட்டை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு டிவி பார்ப்பார். செஸ்ஸுக்கு ஒருவர் கிடைத்தால் போதும், கேரமுக்கு இருவரே போதும். கூட்டாளி சேர்ந்து ஆடும் சீட்டாட்டத்துக்கு மட்டும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே தரத்தில் நாலு பேர் வேண்டும். முப்பது வயதுக்கு மேல் வாழ்க்கை இந்த நாலு பேரைச் சேர்த்துவைப்பது அபூர்வம்.

இணையம் முதலில் தீர்த்தது இந்தச் சிக்கலைத்தான். உலகளாவிய வலை பொதுமக்களிடம் வருவதற்கு முன்பே, 1990-இல் மேத்யூ கிளெக் என்ற அமெரிக்கர் ஓகேபிரிட்ஜ் என்ற நிரலை எழுதி, வெவ்வேறு ஊர்களில் இருந்த நாலு பேரை ஒரு மேசையில் உட்கார வைத்தார். 2001-இல் ஃப்ரெட் கிட்டெல்மன் தொடங்கிய பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் அதை இலவசமாக்கியது. ஆட்டக்காரர்கள் அதை பிபிஓ என்றே சொல்வார்கள். கணினி வாங்கவே தயங்கிக்கொண்டிருந்த வாரன் பஃபெட்டை, உலக சாம்பியனான ஷாரன் ஆஸ்பெர்க் பிரிட்ஜைக் காட்டித்தான் கணினி முன் உட்கார வைத்தார் என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. பெரும் பணக்காரருக்கும் நாலாவது கை சுலபமாகக் கிடைப்பதில்லை.

திருப்பதிக்கு இது இன்னும் பொருந்தும். மூன்று மணிக்குச் சுப்ரபாதம் கேட்கும் ஊர் அது. லாட்ஜ் கவுன்டரில் இருப்பவர், மலைப் பேருந்து ஓட்டுநர், மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவர் என்று பலருடைய ஓய்வு நேரம் வீட்டாரின் ஓய்வு நேரத்தோடு சேராது. திருப்பதியில் இரவு இரண்டு மணி என்றால் குளிர்கால லண்டனில் முந்தைய இரவு எட்டரை. சாப்பிட்டு முடித்து ஆட உட்காரும் நேரம். வீட்டில் எல்லோரும் தூங்கும்போது விழித்திருக்கும் ஒருவருக்கு, விழித்திருக்கும் மூன்று பேரை உலகத்தின் ஏதோ மூலையிலிருந்து கூட்டிவந்து கொடுக்கிறது திரை.

ஆள் சேர்ந்துவிட்டது, சரி. அப்படி என்ன சுகம் இந்த ஆட்டத்தில்?

பிரிட்ஜின் இன்றைய வடிவத்துக்கு நூறு வயது. 1925-இல் ஹரால்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர், பனாமா கால்வாய் வழியாகப் போன ஒரு கப்பல் பயணத்தில், பழைய ஆக்‌ஷன் பிரிட்ஜின் புள்ளிக் கணக்கை மாற்றி அமைத்தார். அதற்கும் முன்பே விஸ்டும் பிரிட்ஜும் வெள்ளைக்கார அதிகாரிகளோடு இந்தியாவின் ஜில்லாத் தலைநகரங்களுக்கு வந்துவிட்டன. 1911 வரை வடஆற்காடு ஜில்லாவின் தலைநகரம் சித்தூர்தான் என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். கலெக்டரும் ஜட்ஜும் இருந்த ஊர்களில் மாலை நேரக் கிளப்பும் இருக்கும், கிளப்பில் பச்சைத் துணி போட்ட மேசையும் இருக்கும்.

விதிகள் சிக்கலானவை அல்ல. 52 சீட்டு, நாலு பேர், ஆளுக்கு 13. எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். முதலில் ஏலம்: எந்தத் துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று இரு தரப்பும் மாறி மாறிக் கேட்பது. ஏலத்தில் ஜெயித்த ஜோடியில் ஒருவர் ஆடுவார், மற்றவர் தன் சீட்டை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அந்த விரித்த கைக்கு டம்மி என்று பெயர். ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுச் சேர்க்கைகள் மட்டும் 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600. ஆயுள் முழுக்க ஆடினாலும் அதே கை திரும்பி வராது என்று பிரிட்ஜ்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் எனக்கு மயக்கமில்லை. ரம்மியிலும் 13 சீட்டுதான், அங்கும் எண்ணிக்கை பூதாகரமானதுதான். ருசி வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரே ஒரு கட்டத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். நீங்கள் ஆடுகிறீர்கள். டம்மியில் இஸ்பேட் ஆஸும் ராணியும் இருக்கின்றன. உங்கள் கையில் இஸ்பேட்டில் இரண்டு பொடிச் சீட்டு. ராஜா எதிராளிகள் இருவரில் ஒருவரிடம். நீங்கள் ஒரு பொடியை இறக்குகிறீர்கள். உங்கள் இடப்பக்கத்து ஆளும் ஒரு பொடியைப் போடுகிறார். டம்மியிலிருந்து இப்போது எதைப் போடுவது? ராஜா இடது ஆளிடம் இருந்தால் ராணியே ஜெயிக்கும், ஆஸ் இன்னொரு பிடிக்கு மிஞ்சும். வலது ஆளிடம் இருந்தால் ராணி பறிபோகும். மேலோட்டமாகப் பார்த்தால் பூவா தலையாதான்.

இப்போது பின்னால் போய் யோசியுங்கள். ஏலத்தில் முதலில் பேச வேண்டியவர் வலது ஆள். அவர் பாஸ் என்றார். பிரிட்ஜில் ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று கையின் பலத்தை எண்ணுவார்கள். கட்டு முழுவதற்கும் 40 புள்ளி. கையில் 12, 13 இருந்தால் ஏலத்தைத் திறப்பது வழக்கம். இதுவரை நடந்த பிடிகளில் வலது ஆள் ஆர்ட்டின் ஆஸ், ஆர்ட்டின் ராஜா, டைமண்ட் ராஜா மூன்றையும் காட்டிவிட்டார். அதுவே 10. இஸ்பேட் ராஜாவும் அவரிடம் இருந்திருந்தால் 13. வாயை மூடிக்கொண்டு பாஸ் சொல்லியிருக்க மாட்டார். ஆகவே ராஜா இடது பக்கம். ராணியைப் போடுங்கள்.

அரை நிமிடத்தில் நடக்கும் இந்தக் கணக்கில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. கால் மணி நேரத்துக்கு முன் ஒருவர் பேசாமல் விட்ட ஒன்றிலிருந்து, அவர் கையில் எது இல்லை என்று கண்டுபிடிக்கிறோம். முகம் தெரியாத ஒருவரின் மனதுக்குள் நியாயமான வழியில் நுழைந்து பார்க்கிற சந்தோஷம் அது. கூட்டாளியோடு இதுவே இன்னும் கூடுதல். ஏலத்தில் பேச அனுமதிக்கப்பட்ட சொற்கள் மொத்தம் பதினைந்துதான்: ஒன்று முதல் ஏழு வரை எண்கள், நாலு ஜாதி, துருப்பில்லை, பாஸ், டபுள், ரீடபுள். இந்த வறட்டுப் பேச்சுக்குள் “என்னிடம் ஆர்ட்டின் ஐந்து இருக்கிறது, பலம் சுமார், உன்னிடம் என்ன?” என்று கேட்டுப் பதிலும் வாங்கிவிட முடிகிறது. திருவல்லிக்கேணியில் இருப்பவர் கேட்டதைத் துருக்கியில் இருப்பவர் சரியாகப் புரிந்துகொண்டு ஆறு இஸ்பேட் வரை ஏறும்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரு சிலிர்ப்பு. இருவருக்கும் பொதுவாக வேறு மொழி எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை.

இனி பணம். சித்தூர் மாவட்டத்தில் சீட்டாட்டம் என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது பிரிட்ஜ் அல்ல. தெலுங்கில் பேக்காட்ட என்பார்களே, அதுதான். சங்கராந்தி நெருங்கினால் மாந்தோப்புகளில் கூட்டம் சேர்வதும், போலீஸ் வளைப்பதும், பிடிபட்ட ரொக்கத்தையும் பைக்குகளையும் வரிசையாக வைத்துப் படம் எடுப்பதும் அங்கே ஆண்டுதோறும் வரும் செய்தி. ரம்மிக்கும் பிரிட்ஜுக்கும் உறவு உண்டா என்ற கேள்வியை இந்திய நீதிமன்றங்களுக்குக் கொண்டுபோனதும் ஆந்திரம்தான். செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியதற்காகப் போடப்பட்ட வழக்கு, ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்யநாராயணா என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1967 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ரம்மி மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல; விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும்; சீட்டு விழுவதில் இருக்கும் அதிர்ஷ்டம் பிரிட்ஜில் இருப்பது போன்றதே என்றது நீதிமன்றம்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு இணைய ரம்மி நிறுவனங்கள் தங்கள் தொழிலையே இந்தத் தீர்ப்பின் மேல் கட்டின. அதே தீர்ப்பில் அடுத்துச் சொல்லப்பட்டிருப்பது அவ்வளவாக எடுத்துக்காட்டப்படவில்லை: பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப்பின் உரிமையாளர் லாபம் எடுப்பதாகத் தெரிந்தால் குற்றம் நிரூபணமாகலாம் என்றும் நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளும் செயலிக்கும் அந்தக் கிளப் உரிமையாளருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் வக்கீல்கள் பல பக்கம் எழுதுவார்கள். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பிரிட்ஜும் ரம்மியும் ஒரே வகை அதிர்ஷ்டம் என்பதிலும் எனக்குப் பாதி உடன்பாடுதான். ஒரே ஒரு மேசையில் ஆடினால் அது சரி. நல்ல சீட்டு வந்தவர் ஜெயிப்பார், வராதவர் தோற்பார். ஆனால் போட்டிப் பிரிட்ஜ் அப்படி ஆடப்படுவதில்லை. டூப்ளிகேட் முறையில் ஒரு மேசைக்குப் போட்ட அதே நாலு கைகளை அப்படியே மற்ற மேசைகளுக்கும் கொண்டுபோகிறார்கள். உங்களுக்கு மோசமான சீட்டு வந்ததா? பக்கத்து மேசையில் உங்கள் இடத்தில் உட்கார்ந்தவருக்கும் அதே மோசமான சீட்டுதான். அவர் மூன்று பிடி குறைந்த இடத்தில் நீங்கள் இரண்டோடு தப்பித்தால், தோற்ற அந்தக் கையிலும் ஜெயித்தது நீங்களே. ‘சீட்டே வரல’ என்ற நம் பழைய சாக்குக்கு அங்கே வேலையில்லை.

காசில்லாமல் ரம்மி ஆடிப் பாருங்கள். நாலாவது ஆட்டத்தில் யாராவது கொட்டாவி விடுவார்கள். அதனால்தான் வீட்டில் ஆடும்போதும் தீக்குச்சியோ புளியங்கொட்டையோ வைத்து ஆடுகிறோம். ரம்மியில் திறமை இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அது தெரியவர நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆகும். கைக்கு இரண்டு ஜோக்கர் வந்துவிட்டால் தேர்ந்தவரும் புதியவரும் ஒன்றுதான். அந்த நூறு ஆட்டம்வரை ஆளை உட்கார வைக்க ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டும். காசுதான் கையருகே இருக்கும் அளவுகோல். பிரிட்ஜில் அந்த வேலையைப் பக்கத்து மேசை செய்கிறது. நேரடிப் போட்டியில் இந்த ஒப்பீட்டுக்குச் சீட்டுகளைத் தட்டில் வைத்து மேசை மேசையாகக் கொண்டுபோக வேண்டும், முடிவு தெரியச் சாயங்காலம் ஆகும். இணையத்தில் கடைசிப் பிடி முடிந்ததும் பொத்தானைத் தொட்டால், அதே கையை வேறு பதினைந்து பேர் எப்படி ஆடினார்கள் என்று ஒவ்வொரு சீட்டாக விரித்துப் பார்க்கலாம். ராணியைப் போட்டவர் எத்தனை பேர், ஆஸைப் போட்டவர் எத்தனை பேர் என்பது வரை. இந்த ஒரு பொத்தானுக்காகவே நேரடி மேசையை விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். பந்தயக் காசு செய்யும் வேலையைக் காசில்லாமல் செய்துவிட்டது என்பதுதான் இணையப் பிரிட்ஜின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். சீட்டாட்டம் பற்றிய நம் விவாதம் முழுக்கத் திறமையா சூதா என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டதால், இந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த விவாதத்தின் போக்கு ஒரு வேடிக்கை. 2020 செப்டம்பரில் ஆந்திர அரசு 1974-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி இணைய ரம்மியையும் போக்கரையும் தடை செய்தது. இரண்டு மாதம் கழித்துத் தமிழ்நாடும் அவசரச் சட்டம் போட்டது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தை ரத்து செய்தது. கடன், தற்கொலை என்று செய்திகள் தொடர்ந்தன. நீதிபதி சந்துரு குழு, 2022-இல் இன்னோர் அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா, 2023-இல் சட்டம், அதே ஆண்டு நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் மட்டும் அந்தத் தடை செல்லாது என்று மறுபடி ஒரு தீர்ப்பு. செயலிகள் போன் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பார்த்து மேசையைத் திறந்தன, பூட்டின. பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் சித்தூரில் திறக்காத மேசை காட்பாடியில் திறந்தது. 2025-இல் தமிழ்நாடு நள்ளிரவு பன்னிரண்டு முதல் விடியற்காலை ஐந்து வரை காசு வைத்து ஆடக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

இவ்வளவு ரகளையிலும் காசில்லாமல் ஆடும் பிரிட்ஜ் மேசையை யாரும் தொடவில்லை. அதைத் தடை செய்ய யாருக்கும் தோன்றவில்லை என்பதே அதன் குணத்துக்குச் சான்றிதழ். ஆனால் காசு இல்லாததால் பழக்கம் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். ‘இன்னும் ஒரே ஒரு கை’ என்று மூன்று மணி வரை உட்காருபவர்கள் இங்கும் உண்டு. மனைவியிடம் திட்டு வாங்குவதில் பிரிட்ஜ்காரரும் ரம்மிக்காரரும் சமம். வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போவதில்லை, அவ்வளவுதான்.

இணைய மேசையைத் தேடிப் போக வைக்கும் இன்னொரு காரணத்தை ஆட்டக்காரர்கள் வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். திட்டு. கூட்டாளி ஆட்டத்தில் தவறு செய்தால் நஷ்டம் இருவருக்கும். ஆகவே எதிரே உட்கார்ந்திருப்பவர் சும்மா விடமாட்டார். கல்யாண வீட்டு மாடியில் துருப்பை மறந்து போட்ட மாப்பிள்ளையை மாமனார் பார்க்கும் பார்வை பந்தியில் வடை பரிமாறும் வரை மாறாது. 1929-இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில், ஒரு பிரிட்ஜ் கை தோற்றதில் மூண்ட சண்டையில் கணவர் மனைவியை அறைய, மனைவி மர்டில் பென்னெட் அவரைச் சுட்டே கொன்றுவிட்டார். 1931-இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பிரிட்ஜ் ஆடும் ஜூரிகள் யாராவது இருந்திருப்பார்கள் என்று கேலியாகச் சொல்வதுண்டு.

இணையத்தில் முகம் இல்லை, பெயர் கூட வைத்துக்கொண்டதுதான். திட்டினால் வெளியேறலாம், புதியவர் தாராளமாகத் தவறு செய்யலாம். இன்னும் கூச்சம் என்றால் மனிதர்களே வேண்டாம். மற்ற மூன்று இடத்திலும் இயந்திரத்தை உட்கார வைக்கலாம். பிபிஓவின் இயந்திர ஆட்டக்காரர்கள் மேட் கின்ஸ்பெர்க் எழுதிய ஜிஐபி என்ற நிரலின் வழிவந்தவர்கள். அவர்கள் பெருமூச்சு விடுவதில்லை, புருவம் உயர்த்துவதில்லை. ஆள் தேடி இணையத்துக்கு வந்த ஆட்டம், அங்கே ஆளே இல்லாமலும் ஆடப்படுகிறது என்பது முரண்தான். ஆனால் இயந்திரத்தோடு ஆடுபவரும் முடிவில் அந்தப் பொத்தானைத் தொட்டு, இதே கையை மற்ற மனிதர்கள் எப்படி ஆடினார்கள் என்றுதான் பார்க்கிறார். ஆள் தேவைதான், எட்ட இருக்க வேண்டும்.

சதுரங்கத்தில் 1997-லும் கோ ஆட்டத்தில் 2016-லும் இயந்திரம் உச்ச மனிதரை வென்றது. பிரிட்ஜில் 2022 மார்ச்சில் பாரிஸில் நூக் என்ற நிரல் எட்டு உலக சாம்பியன்களை மிஞ்சியது. ஆனால் ஏலம் பேசுவதை விட்டுவிட்டு, சீட்டு இறக்கும் பகுதியை மட்டும் வைத்துத்தான் அந்தப் போட்டி நடந்தது. கூட்டாளியின் சொல்லையும் சொல்லாமையையும் படிப்பது இயந்திரத்துக்குத் தனியான தலைவலி.

மோசடி இல்லாமல் சீட்டாட்டமா? 2015-இல் நார்வேயின் போயே புரோகலான், முன்னணி இஸ்ரேலிய ஜோடி ஒன்று சீட்டுகளைத் தாங்கி வரும் பலகையை மேசையில் வைக்கும் விதத்தாலேயே கூட்டாளிக்குச் சேதி சொன்னதைக் காணொளிகளை வைத்து வெளிக்கொண்டுவந்தார். இணையத்தில் பலகையும் இல்லை, இருமலும் இல்லை. பதிலுக்குப் புது வழி பிறந்தது: இன்னொரு பெயரில் வேடிக்கை பார்ப்பவராக நுழைந்து எல்லோர் சீட்டையும் பார்த்துக்கொண்டே ஆடுவது. 2020-இல் நோய்த்தொற்றால் கிளப்புகள் மூடிக் கிடந்தபோது பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் சிலரே இதைச் செய்து, பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஒரு ரூபாய் பந்தயம் இல்லாத இடத்தில் எதற்குத் திருடுகிறார்கள்? அளவுகோல் இருந்தால் போதும், அதைத் திருத்த ஆள் வந்துவிடுவார்கள் என்றுதான் தோன்றுகிறது.

வயதானவர்களுக்கு இந்த ஆட்டம் வேறொன்றும் தருகிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதல்முறை சேர்க்கப்பட்டபோது ஆண்கள் இரட்டையர் தங்கம் இந்தியாவின் பிரணாப் பர்தனுக்கும் ஷிப்நாத் சர்க்காருக்கும் கிடைத்தது. பர்தனுக்கு அப்போது 60 வயது, சர்க்காருக்கு 56. இந்திய அணியில் 79 வயது ரீட்டா சோக்ஸியும் இருந்தார். வேறெந்த மைதானத்தில் இது நடக்கும்? மூளைக்கு நல்லது என்று சொல்பவர்கள் 2003-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஜோ வர்கீஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். 75 வயதைத் தாண்டிய 469 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், வாசிப்பு, பலகை விளையாட்டு, சீட்டு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. ஆடியதால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்ததால் ஆட முடிந்ததா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்தாக நினைத்து ஆடத் தொடங்கியவர் எத்தனை நாள் ஆடுவார் என்பதும் சந்தேகம்.

எனக்கு உறுத்துவது வேறு. பிரிட்ஜுக்குக் கிடைத்த இந்த வசதி நம்மிடம் புழங்கும் ஆட்டங்களுக்கு ஏன் வரவில்லை? முன்னூற்று நாலு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் திண்ணைக்குத் திண்ணை ஆடி, ஸ்கார்பரோவுக்கும் லண்டனுக்கும் கூடவே எடுத்துப்போன ஆட்டம். தமிழ்நாட்டுப் பக்கமும் தெரியும். நாலு பேர், இரண்டு கூட்டு, 32 சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு ஜாதிக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. முதல் நாலு சீட்டைப் பார்த்தே ஏலம் கேட்க வேண்டும், கேட்டவர் துருப்பை மேசையில் கவிழ்த்து வைத்துவிட வேண்டும், பிறகுதான் அடுத்த நாலு சீட்டு வரும். கூட்டாளி, ஏலம், துருப்பு என்று பிரிட்ஜில் சுவை தரும் எல்லாம் இதிலும் உண்டு; பிரிட்ஜில் இல்லாத அந்தக் கவிழ்த்த சீட்டு வேறு. இதற்குச் சின்னத் தம்பியான இருபத்தெட்டும் அப்படியே.

இவற்றையும் டூப்ளிகேட்டாக ஆடலாம். ஒரே 32 சீட்டை ஒரே மாதிரி பிரித்துப் புத்தூரில் ஒரு மேசைக்கும் பருத்தித்துறையில் ஒரு மேசைக்கும் டொராண்டோவில் ஒரு மேசைக்கும் போடக் கணினிக்கு ஒரு நொடி போதும். ஏலத்தில் 160-இல் நின்றவர் யார், துணிந்து ஏறியவர் யார், அதே ஜாக்கியையும் ஒன்பதையும் வைத்துக்கொண்டு யார் கோட்டை விட்டார் என்று ஆட்டம் முடிந்ததும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். காசு வேண்டாம், ஜிபிஎஸ் வேண்டாம், நீதிமன்றமும் வேண்டாம். இடையூறு ஒன்றுதான். முன்னூற்று நாலு ஆடும் பெரியவர்களிடம் கேட்டால், கண் ஜாடை, தொண்டைக் கனைப்பு, சீட்டைத் தட்டிப் போடும் ஓசை, தோற்ற கூட்டுக்கு விடிய விடியக் கேலி, இவையும் ஆட்டத்தில் சேர்த்தி என்பார்கள். சத்தமில்லாத திரையில் அதையெல்லாம் கழித்துவிட்டுக் கொடுத்தால் அவர்கள் அதை முன்னூற்று நாலு என்று ஒப்புக்கொள்வார்களா என்பது தனி வழக்கு.